உயிரியல் படிக்காதவர் உயிர் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம் செய்யலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தேசிய சேவையை முடித்துவிட்டு வேதியியலில் இறுதியாண்டுக்கு வந்திருக்கிறீர்கள். பாடங்களிலேயே இயற்பிய வேதியியல்தான் மனத்துக்குப் பிடித்திருக்கிறது. புரதங்களை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம் என்று ஆசை. தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் எடுத்ததால் உயிரியல் உயர்நிலை நான்கோடு நின்றுவிட்டது, அதனால் தயக்கம். இங்கேயே செய்வதா, வெளிநாடு போவதா என்றும் தெரியவில்லை. முடிக்கும்போது முப்பது வயதாகிவிடுமே, அதற்குப் பிறகு என்ன வேலை என்று அப்பா கேட்கிறார்.

நான் சிங்கப்பூரில்தான் உயிர் இயற்பிய வேதியியலில், அதாவது உயிர் மூலக்கூறுகளை இயற்பியல் முறைகளால் அளக்கும் இந்தத் துறையில், முனைவர் பட்டம் முடித்தேன். சில ஆண்டு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்தேன். இப்போது துவாஸ் பக்கம் புரத மருந்து தயாரிக்கும் ஓர் ஆலையில் பகுப்பாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது: அந்த நான்கு ஆண்டும் உண்மையில் எதில் கழியும்?

இயற்பிய வேதியியல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது சமன்பாடுகளாக இருக்கும். ஆய்வகத்தில் சமன்பாடு ஒரு வரியில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் அந்த வரியில் போட வேண்டிய எண்ணைப் பெறுவதற்கும், பெற்ற எண்ணை நம்பலாமா என்று உறுதிசெய்வதற்கும்தான் போகும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

முதலாண்டின் முடிவில், ஒரு புரதம் எந்த வெப்பநிலையில் மடிப்பு அவிழ்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். முறை எளிதுதான். புரதக் கரைசலைக் குவெட் என்ற சிறிய குவார்ட்ஸ் கலத்தில் ஊற்றி, வட்ட முனைவாக்கப்பட்ட ஒளியைப் பாய்ச்சும் கருவிக்குள் வைக்க வேண்டும். புரதத்தில் உள்ள ஆல்ஃபா சுருள்கள் 222 நானோமீட்டரில் நல்ல சமிக்ஞை தரும். அதைப் பார்த்துக்கொண்டே நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் சூடாக்கினால், மடிப்பு கலையும் இடத்தில் சமிக்ஞை சரியும். பாதி சரிந்த இடத்தை உருகுநிலை என்போம். எனக்கு வந்த வளைகோடு பாடப்புத்தகத்தில் போடலாம் போல் இருந்தது. மூன்று முறை செய்தேன், மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. பக்கத்து மேசையில் இருந்த தோழியும் அதே புரதத்தை அளந்தாள். அவளுக்கு வந்த உருகுநிலை என்னுடையதிலிருந்து 5 டிகிரி தள்ளி இருந்தது. அவளுக்கும் மூன்று முறையும் ஒரே விடை.

ஆறு வாரம் தேடினோம். புரதத்தை மறுபடியும் சுத்திகரித்தோம். குவெட்டுகளை மாற்றிக்கொண்டோம். கருவியின் வெப்ப உணரியைச் சந்தேகப்பட்டு, தனி வெப்பமானி ஒன்றைக் குவெட்டுக்குள் இறக்கிப் பார்த்தோம். கடைசியில் காரணம் தாங்கல் கரைசலில், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை நிலையாக வைத்திருக்கப் பயன்படுத்தும் கரைசலில் இருந்தது. அவள் பயன்படுத்தியது பாஸ்பேட், நான் பயன்படுத்தியது டிரிஸ். இரண்டு புட்டியிலும் பிஎச் 8.0 என்றுதான் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் டிரிஸ் கரைசலின் பிஎச், வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ 0.028 குறையும். 25 டிகிரியில் 8.0 ஆக இருந்தது 60 டிகிரியில் 7.0 ஆகிவிடும். பாஸ்பேட்டில் அந்த மாற்றம் மிகச் சிறியது. நான் வெப்பத்தை மட்டும் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு, அமிலத்தன்மையையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த எண் எல்லா ஆய்வகக் கையேட்டிலும் அச்சாகியிருக்கிறது. இளநிலையில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் அது என்னுடைய புட்டிக்குள் நடக்கிறது என்பது ஆறு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஆறு வாரத்தில் என் நெறியாளர் ஒருநாள்கூட ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்கவில்லை. வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, கருவி தந்த எண்களை அப்படியே திரையில் விரிக்கச் சொல்வார். இரண்டு பேருடைய செய்முறைக் குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடச் சொன்னவரும் அவர்தான். விடை அங்கேதான் கிடைத்தது.

இதைப் படிக்கும்போது, காரணம் என்னவாக இருக்கும் என்று உங்கள் மனம் முன்னால் ஓடியிருந்தால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். ஆறு வாரம் வீணாகிவிட்டதே என்ற அலுப்புதான் முதலில் வந்தது என்றால், அவசரப்படாமல் இன்னும் யோசியுங்கள். அதில் குறை எதுவும் இல்லை. புதிய மூலக்கூறுகளை உருவாக்குவதில் மகிழ்கிறவர்களுக்குத் தொகுப்பு வேதியியல் இருக்கிறது. நம் துறையில் மகிழ்ச்சி ஓர் எண் ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் வரும்.

5 டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்று உங்கள் அப்பா கேட்கக்கூடும். அவருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். புரதத்தின் மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையே உள்ள கிப்ஸ் ஆற்றல் வேறுபாடு, அதாவது எந்த நிலை நிலைக்கும் என்று தீர்மானிக்கும் ஆற்றல், பெரும்பாலும் மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் வரைதான். என்தால்பி (வெப்ப ஆற்றல்) ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான கிலோஜூல் இழுக்கும், என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மறுபக்கம் ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். இரண்டும் கழிந்து கடைசியில் கையில் மிஞ்சும் சில்லறைதான் அந்த 20 முதல் 60. அறை வெப்பநிலையில் வெறும் 5.7 கிலோஜூல் மாறினாலே சமநிலை மாறிலி, அதாவது இரண்டு நிலைகளின் விகிதம், பத்து மடங்கு மாறிவிடும். ஒரு மருந்து தன் இலக்குப் புரதத்தைப் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்குமா, பிடிக்காதா என்பது இவ்வளவு சிறிய தொகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நாங்கள் சில்லறையை எண்ணி எண்ணிப் பார்க்கிறோம்.

இந்தத் துறையில் என்னை நிறுத்திவைத்தது இன்னொரு நாள். இருட்டறை, 532 நானோமீட்டர் பச்சை லேசர், நுண்நோக்கியின்மேல் ஒரு கண்ணாடித் தகடு. தகட்டில் டிஎன்ஏ துண்டுகள் தனித்தனியாக ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ஒளிரும் சாயங்கள். லேசர் முதல் சாயத்தைக் கிளர்வுறச் செய்கிறது. இரண்டாவது சாயம் அருகில் வந்தால் ஆற்றல் அதற்குத் தாவிவிடும், முதல் சாயத்தின் பச்சை மங்கி, இரண்டாவதின் சிவப்பு தெரியும். தியோடர் ஃபார்ஸ்டர் 1940களில் விளக்கிய கோட்பாடு இது. தாவும் அளவு தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் தாவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியானால் 98 விழுக்காடு தாவும். தூரம் இரட்டித்தால் 2 விழுக்காடுகூடத் தாவாது. ஒரு மூலக்கூறுக்குள்ளேயே வைத்து அளக்கும் அளவுகோல் என்று இதைச் சொல்வார்கள்.

நள்ளிரவை நெருங்கும் நேரம். திரையில் ஒரே ஒரு மூலக்கூறின் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக் கோடு சட்டென்று இறங்கியது, அதே கணத்தில் சிவப்புக் கோடு ஏறியது. இரண்டு நொடி அப்படியே நின்றது. பிறகு இடம் மாறியது. மறுபடியும் மாறியது. மடிகிறது, விரிகிறது, மடிகிறது. பாடப்புத்தகத்தில் சமநிலை என்று எதிரெதிராக இரண்டு அம்புக்குறி போட்டிருப்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கடைசியில் சிவப்புக் கோடு படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒரே அடியில் கீழே விழுந்து அணைந்தது. ஒரே அடியில் அணைந்தால் அந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு சாயம் என்று பொருள். அந்த வீழ்ச்சிதான் நாம் பார்த்தது தனி மூலக்கூறு என்பதற்குச் சான்று.

அந்தப் பரிசோதனையிலும் பிஎச் விடவில்லை. சாயம் விரைவில் அணைந்துவிடாமல் இருக்கக் கரைசலிலிருந்து ஆக்சிஜனை நீக்க வேண்டும். அதற்கு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்ப்பது வழக்கம். அது குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. நேரம் போகப் போகக் கரைசல் புளித்துக்கொண்டே போகும். ஒரே தகட்டை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்தால், முதலில் பார்த்த மூலக்கூறும் கடைசியில் பார்த்ததும் ஒரே சூழலில் இல்லை. டிரிஸில் அடிபட்டிருந்ததால் இதை நான் முதல் வாரத்திலேயே சோதித்துவிட்டேன்.

நம் ஊரின் காற்றையும் சொல்ல வேண்டும். குளிர் நாட்டு ஆய்வகங்களில் எழுதப்பட்ட செய்முறைகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. மாதிரியை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் குவெட்டின் வெளிச்சுவரில் பனித்துளி கட்டிவிடும், ஒளி சிதறும், சமிக்ஞை ஆடும். உலர்ந்த நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் உப்புகளைத் திறந்து வைத்துவிட்டு எடைபோடப் போனால், தராசில் ஏறுவதில் ஒரு பங்கு தண்ணீர். புட்டியைத் திறப்பது, எடுப்பது, மூடுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

இனி உயிரியல். ஜி. என். ராமச்சந்திரன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சி. வி. ராமனிடம் பயின்ற இயற்பியலாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு மூன்றிழை வடிவத்தை முன்வைத்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடு வெளியிட்ட ஆய்வுதான் இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

அந்த வரைபடத்தின் பின்னால் இருக்கும் எண்ணம் எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டு. ஒன்றைக் கிடைக்கோட்டிலும் மற்றதைச் செங்குத்துக்கோட்டிலும் வையுங்கள். எந்தெந்தக் கோணச் சேர்க்கையில் இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன என்று கணக்கிட்டு, அந்த இடங்களை அடித்துவிடுங்கள். வரைபடத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். மிஞ்சும் சில தீவுகளில் ஒன்றில் ஆல்ஃபா சுருள் இருக்கிறது, இன்னொன்றில் பீட்டா இழை இருக்கிறது. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் கூடுதல் இடம் கிடைக்கிறது. இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற ஒன்றை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த விளைவு இது. மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்நோக்கியில் இன்று தீர்க்கப்படும் புரத வடிவங்களையும் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இயற்பியலில்தான் முனைவர் பட்டம் பெற்றார், 1976இல். பிறகு உயிரியலுக்கு மாற விரும்பி, பட்டம் வாங்கிய பிறகும் மாணவராகவே கலிபோர்னியாவில் போய் உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தை ஆராய்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபெல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். உங்கள் நிலை அவருடையதைவிட எளிது, நீங்கள் வேதியியலிலிருந்து வருகிறீர்கள்.

நடைமுறையில் உங்களுக்குத் தேவைப்படும் உயிரியல், தொடக்கத்தில், ஒரு கைத்தொழில் அளவுதான். மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்ப்பது, செல்களை உடைத்துப் புரதத்தை நிக்கல் பிசின் தூணில் பிடித்துப் பிரிப்பது, 280 நானோமீட்டரில் செறிவை அளப்பது. பொறுமையான மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கை பழகிவிடும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வேதியியல் படித்துவிட்டு வருகிறவர்களில் பலருக்குப் பிழைக் கணக்கு வருவதில்லை. மூன்று அளவீடு எடுத்துச் சராசரி போடத் தெரியும். அந்தச் சராசரியில் எத்தனை இலக்கம் வரை பொருள் இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் இந்த ஓராண்டில் உயிரியல் பாடநூலைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். பைத்தானில் ஒரு வளைகோட்டைத் தரவுக்குப் பொருத்தவும், பொருந்திய எண்ணின் நிச்சயமின்மையைக் கணக்கிடவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கணினிவழி ஆய்வு பற்றியும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அணுக்களின் அசைவை அடி அடியாகக் கணினியில் கணக்கிடும் மூலக்கூறு இயக்கப் பாவனையில் ஒவ்வொரு அடியும் ஏறத்தாழ 2 ஃபெம்ட்டோ நொடி. ஒரு மைக்ரோ நொடியைப் பார்க்க 50 கோடி அடி. ஒரு மில்லி நொடிக்கு 50,000 கோடி. சிங்கப்பூரில் தேசிய மீத்திறன் கணினி நிலையம் இருப்பதால் பெரிய கணக்குகளை இங்கே ஓட்ட முடியும். நல்ல துறைதான். ஆனால் பரிசோதனைக் குழுவோடு நெருங்கி வேலை செய்யும் கணினிக் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். சரிபார்க்க அளவீடு இல்லாத பாவனையில், விடை சரியா தவறா என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்ப்பார்கள், பேராசிரியரின் கட்டுரைகள் எந்த இதழில் வந்தன என்று பார்ப்பார்கள். என்னோடு படித்த ஒருவர் அப்படித்தான் மிகப் பெயர்பெற்ற ஒரு குழுவில் சேர்ந்தார். நெறியாளரைத் தனியாகப் பார்ப்பதே ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான். புரதம் இன்னொரு மூலக்கூறை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டும் அவருடைய பிணைப்பு வளைகோடுகள் இரண்டு ஆண்டு அழகாக வந்துகொண்டிருந்தன. மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது, மிகக் குறைந்த செறிவில் புரதம் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு காணாமல் போயிருக்கிறது என்று. சில துளி டிட்டர்ஜென்ட் சேர்த்திருந்தால் முதல் மாதத்திலேயே வெளிப்பட்டிருக்கும். அவருக்கு அறிவு குறைவில்லை. அவருடைய கச்சாத் தரவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த இரண்டு ஆண்டை அவர் திரும்பச் செய்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அதனால் ஓர் ஆய்வகத்துக்குப் போனால் பேராசிரியரைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். அங்குள்ள மாணவர்களோடு கேன்டீனில் ஒரு தேநீர் குடியுங்கள். கடைசியாக முடித்தவர் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார், பாதியில் விட்டவர்கள் உண்டா, கருவி பழுதானால் யார் சரிசெய்வார், விடை எதிர்பார்த்தபடி வராதபோது குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமைதியானால், அந்த அமைதியைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயா, வெளிநாடா? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துறைக்குத் தேவையான கருவிகள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மெக்கனோபயாலஜி இன்ஸ்டிடியூட், செல்லும் மூலக்கூறும் விசையை எப்படி உணர்கின்றன என்பதை ஆராய்கிறது. தனி மூலக்கூறைக் காந்தத்தாலோ லேசராலோ இழுத்துப் பார்க்க விரும்பினால் அந்தப் பக்கம் விசாரியுங்கள். ஒளியால் துகளைப் பிடிக்கும் முறைக்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் இயற்பியல் நோபெல் கிடைத்தது நினைவிருக்கும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புரத வடிவ உயிரியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் இருக்கிறது. புவன விஸ்தாவில் 2003இல் திறந்த பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில், அரசின் ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரின் ஆய்வுக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்தாலும் பட்டம் பல்கலைக்கழகத்தில்தான் பதிவாகும். இந்த மூன்று இடமும் எம்ஆர்டியிலும் பஸ்சிலும் போய்வரும் தூரத்தில் இருப்பதால், ஒரு கருவி இங்கே இல்லையென்றால் அங்கே நேரம் வாங்கி அளக்கலாம். பெரிய நாட்டில் அதற்கு விமானம் ஏற வேண்டியிருக்கும்.

வெளிநாடு போவதில் உள்ள நன்மை வேறு. ஒரு கருவியை முதன்முதலில் கட்டியவரிடமே நேரடியாகக் கற்கலாம். அப்படி ஒருவர் உங்கள் மனத்தில் இருந்தால் போங்கள். அப்படி யாரும் இல்லாமல் பொதுவாக வெளிநாடு என்று மட்டும் யோசித்தால், இங்கே முனைவர் பட்டத்தையும் அங்கே போஸ்ட்டாக்கையும் செய்வது நல்ல வரிசை. நான் அப்படித்தான் செய்தேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நல்ல ஆனர்ஸ் பட்டம் இருந்தால் முதுநிலை இல்லாமலே நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் கட்டணத்தையும் அது பார்த்துக்கொள்ளும், மாதச் செலவுக்கும் தொகை வரும், வழக்கமாக நான்கு ஆண்டுக்கு. தகுதித் தேர்வில் தேறிய பிறகு பல திட்டங்களில் அந்தத் தொகை உயரும். இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகப் பாடம் எடுப்பதும் கடமையில் சேரும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள், என்ட்ரோபியை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்கும்போதுதான் நமக்கே அது தெளிவாகும். ஒப்பந்தப் பணிக்காலம் உள்ள உபகாரச் சம்பளங்களும் உண்டு. கையெழுத்திடுவதற்கு முன் எத்தனை ஆண்டு, எங்கே, முறித்தால் என்ன என்று வரிவரியாகப் படியுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். புரதம் ஏன் நிலைக்கிறது, ஏன் திரிந்து திரள்கிறது என்பதைப் புரிந்தவர்களுக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது. துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் பெரிய மருந்து நிறுவனங்களின் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. எதிர்ப்பான் மருந்துகள் புரதங்கள். அவற்றைக் காய்ச்சி வடித்து மாத்திரையாக்க முடியாது, பெரும்பாலும் கரைசலாகக் குளிரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். நான் இன்று செய்கிற வேலையில், மாதிரியை உறையவைத்து உருக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்பது ஒரு பகுதி. அன்று வெப்பத்தில் அசையாமல் நின்ற அந்தப் பாஸ்பேட் இருக்கிறதே, சோடியம் பாஸ்பேட்டை உறையவைத்தால் அதன் ஒரு உப்பு மட்டும் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மீதமுள்ள கரைசலின் பிஎச் 3 அலகு வரை சரியக்கூடும். 7இல் நிம்மதியாக இருந்த புரதம் உறையும்போது 4ஐத் தொட்டுத் திரண்டுவிடும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மாதிரி உருகியபின் கலங்கி வந்தபோது, நான் முதலில் எடுத்துப் பார்த்தது புட்டியில் எந்தத் தாங்கல் கரைசல் என்பதைத்தான். அந்த ஆறு வாரத்துக்கு இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மருந்து ஆலை மட்டுமில்லை. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் உள்ள சில்லுத் தொழிற்சாலைகளில் மேற்பரப்பையும் மெல்லிய படலத்தையும் அளக்க இயற்பிய வேதியியலாளர்களை எடுக்கிறார்கள். என்னோடு முடித்தவர்களில் ஒருவர் காப்புரிமை நிறுவனத்தில் இருக்கிறார், இருவர் தரவுப் பகுப்பாய்வுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். பேராசிரியர் பதவி கிடைத்தவர் ஒரே ஒருவர், அதுவும் இரண்டு போஸ்ட்டாக்குக்குப் பிறகு. அதை மட்டுமே குறிவைத்துச் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். தேசிய சேவை முடித்து வந்த உங்கள் நண்பர்கள் எல்லோரும் அதே வயதில்தான் முடிப்பார்கள், முதலாளிகளும் அந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் ஆனர்ஸ் ஆய்வில் ஏதாவது ஒரு வளைகோடு எடுத்திருப்பீர்கள். அதன் கச்சாத் தரவு, கட்டுப்பாட்டுச் சோதனை, பிழை அளவு மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வையுங்கள். இரண்டு அல்லது மூன்று பேராசிரியர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் எழுதி, அரை மணி நேரம் கேளுங்கள். நேரில் போகும்போது அந்தத் தாளை மேசையில் வைத்து, இது சரியா என்று ஐயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒருவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, எந்தத் தாங்கல் கரைசல், எத்தனை முறை அளந்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினால், அவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இதை எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

எந்தெந்த ஆய்வகங்களை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவர்கள் பயன்படுத்தும் முறைகளில் எனக்குப் பழக்கமானவை இருந்தால், போவதற்கு முன் எதைப் படித்துக்கொண்டு போகலாம் என்று சொல்கிறேன்.